மொட்டை மாடி டிஷ்: படம் உடைந்தால் எங்கே கை வைப்பது? சென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் 16 வீடுகள். மொட்டை மாடியில் 11 டிஷ்கள். ஐப்பசி பிறந்தால் போதும், யாராவது ஒருவர் என் கதவைத் தட்டி, "சார், டிவி வரவில்லை, கொஞ்சம் மேலே வந்து பார்க்கிறீர்களா?" என்பார். நான் இதைத் தொழிலாகச் செய்பவன் அல்லன். ஒரு 11 மில்லிமீட்டர் ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் வைத்திருப்பவன், அவ்வளவே. ஒரே பதிலை மாடிப்படியில் நின்று பலமுறை சொன்ன அலுப்பில் இதை எழுதி வைத்தேன். தூர்தர்ஷன் மாதக் கட்டணம் இல்லாமல் தரும் டிடி ஃப்ரீ டிஷ்ஷை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற நிறுவனங்களின் டிஷ்ஷாக இருந்தால் திசை மட்டும் மாறும். துருவும் தண்ணீரும் எல்லாருக்கும் பொது.

அப்பா காலத்து மீன்முள் ஆன்டெனா இன்னும் மாடியில் நிற்கிறது. அதைத் திருப்பி வைத்தால் தூர்தர்ஷன் வராதா?

பழைய டிவியில் வராது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய நாள் முதல் அந்தக் கம்பிகள் பிடித்துக்கொண்டிருந்தது அனலாக் ஒளிபரப்பை. நாடு முழுவதும் அந்த வகை டிரான்ஸ்மிட்டர்களில் மிகப் பெரும்பாலானவை 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டுவிட்டன. 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியலில் சென்னையும் இருந்தது. ஆனால் அதைப் பிடிப்பதற்கென்றே ட்யூனர் உள்ள டிவி வேண்டும். நீளக் கம்பி வைத்த பழைய ஆன்டெனாவின் அளவும் அந்த அலைவரிசைக்குச் சரிப்படாது.

மாதக் கட்டணம் கட்டாமல் டிவி பார்க்க வேண்டுமென்றால் நடைமுறையில் ஃப்ரீ டிஷ்தான் வழி. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது அதுதான். மீன்முள்ளை இறக்கிவிடுங்கள். 30 ஆண்டு துருப்பிடித்த குழாய் அடுத்த புயலில் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. "குழாய் சும்மாதானே நிற்கிறது, அதிலேயே டிஷ்ஷை மாட்டிவிடலாம்" என்ற யோசனையும் வேண்டாம். அது காற்றைத் தடுக்காத நாலு கம்பியைத் தாங்கச் செய்யப்பட்டது. டிஷ் என்பது காற்றுக்கு ஒரு பாய்மரம்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

கடிகாரத்தை. நான் எவர் வீட்டுக்குப் போனாலும் டிஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் "எப்போது கெடுகிறது?" என்றுதான் கேட்பேன். பாதி விடை அதிலேயே இருக்கும்.

மழை பெய்யும்போது போய், மழை விட்டதும் திரும்பி வருகிறதா? அது பெரும்பாலும் இயற்கை. மழை விட்டு வெயில் அடித்தும் பல மணி நேரம் வரவில்லையா? எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது: கனெக்டரில், அல்லது டிஷ்ஷின் கை நுனியில் உட்கார்ந்து சிக்னலை வாங்கிக் கேபிளுக்குத் தரும் எல்என்பி என்ற சிறு கருவிக்குள். காலையில் மோசமாக இருந்து, வெயில் ஏற ஏறச் சரியாகிறதா? அதுவும் ஈரம்தான், வெயில் காயவைக்கிறது, இரவுப் பனி மறுபடி நனைக்கிறது. காற்று அடிக்கும்போது மட்டும் போனால் ஏதோ ஒரு போல்ட் ஆடுகிறது. சித்திரை வெயிலில் மதியம் மட்டும் போய் மாலையில் வந்தால் எல்என்பி சாகப்போகிறது என்று சந்தேகிக்கலாம். எப்போதுமே மோசம் என்றால் திசை தவறியிருக்கிறது, அல்லது எதிரே ஏதோ மறைக்கிறது.

சனிக்கிழமை மாலை மட்டும் கெட்டுப்போன வீடு ஒன்றும் எங்கள் அடுக்ககத்தில் இருந்தது. மேலே போய்ப் பார்த்தால், வாரம் ஒரு முறை துவைக்கும் கனமான போர்வை ஒன்றை டிஷ்ஷின் கைமேல் காயப்போட்டிருந்தார்கள். ஈரத் துணி இந்த அலைகளுக்குச் சுவர் மாதிரி. மேலே துணிக்கொடி இரண்டு கட்டிக் கொடுத்ததோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

செட்டாப் பாக்ஸில் ஸ்ட்ரெங்த் 85 காட்டுகிறது. ஆனாலும் படம் இல்லையே?

பாக்ஸின் சிக்னல் திரையில் இரண்டு கோடுகள் இருக்கும். மேல் கோடான ஸ்ட்ரெங்த், கேபிள் வழியாக எவ்வளவு வருகிறது என்று சொல்லும். வருவதில் எவ்வளவு இரைச்சல், எவ்வளவு சரக்கு என்று அதற்குத் தெரியாது. டிஷ்ஷை வெறும் வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தாலும் அது நிறைந்தே நிற்கும். கீழே இருக்கும் குவாலிட்டி கோடுதான் உண்மை சொல்லும். டிஷ்ஷைத் திருப்பும்போது கண் அதன் மேலேயே இருக்கட்டும்.

மேல் கோடு பூஜ்யம் என்றால் கதை வேறு. கேபிள் அறுந்திருக்கும், கனெக்டர் கழன்றிருக்கும், அல்லது எல்என்பி செத்திருக்கும். அப்போது திசையைத் தொடாதீர்கள். நன்றாக இருந்த திசையையும் கெடுத்துக்கொண்டு இரண்டு நோயாளிகளோடு உட்கார வேண்டியிருக்கும்.

சென்னையில் டிஷ் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்?

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. சென்னையிலிருந்து கணக்குப் போட்டால் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 134 டிகிரி திசை, தரையிலிருந்து 68 டிகிரி உயரம். 134 என்பது ஏறத்தாழ நேர் தென்கிழக்கு. வாஸ்து பார்ப்பவர்களுக்கு இன்னும் எளிது: அக்னி மூலை. அடுக்களை எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களோ, அந்த மூலைக்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சன் டைரக்ட்டும் ஏறக்குறைய அதே பக்கம்தான். டிஷ் டிவிக்கு 95 டிகிரி செயற்கைக்கோள், அதுவும் தென்கிழக்கே. டாடா பிளேக்கு 83 டிகிரி. சென்னையிலிருந்து அது கிட்டத்தட்டத் தெற்கு, உயரம் 74. ஏர்டெலுக்கு 108.2, அது கிழக்கை ஒட்டி, 54 டிகிரி உயரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து அதே மாதிரி வைப்பவர்கள் முதலில் அது யாருடைய டிஷ் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு பள்ளம், டெல்லிக்காரர் எடுத்த வீடியோவைப் பார்த்துத் திருப்புவது. அதே செயற்கைக்கோள் டெல்லியிலிருந்து 149 டிகிரி திசையில், 52 டிகிரி உயரத்தில்தான் தெரியும். அவர் சொல்லும் எண்களை இங்கே வைத்தால் நாள் முழுக்கத் திருப்பினாலும் ஒன்றும் கிடைக்காது. எல்என்பியைத் தன் கவ்விக்குள் எவ்வளவு சுழற்றி வைப்பது என்பதும் ஊருக்கு ஊர் மாறும்.

திருப்பும் முறை இதுதான். முதலில் டிஷ் மாட்டிய கம்பம் நேர்க்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தாலோ தூக்குக்குண்டாலோ பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் அளவுகோலில் 68 என்று வைப்பது பொய். பிறகு கைபேசித் திசைகாட்டியால் தென்கிழக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பத்தருகே வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு முள்ளை இழுக்கும். நாலடி தள்ளி நில்லுங்கள். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உயரத்தை டிஷ்ஷின் பின்புற அளவுகோலில் 68க்கு வைத்து, பக்கவாட்டில் மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு சிறு அசைவுக்கும் பிறகு நாலைந்து விநாடி நிறுத்துங்கள். பாக்ஸ் சிக்னலைப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும். அவசரக்காரர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, "எங்கேயும் கிடைக்கவில்லை" என்று இறங்கி வருவது இதனால்தான்.

2 அடி டிஷ்ஷில் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் 1 டிகிரி. அந்த 1 டிகிரி, செயற்கைக்கோள் இருக்கும் தூரத்தில் 600 கிலோமீட்டருக்கும் மேல். விரல் அகலம் நகர்ந்தால் எல்லாம் போய்விடும். குவாலிட்டி வந்ததும் அங்கேயே இறுக்கிவிடாதீர்கள். இடப்பக்கம் எங்கே அறுந்து போகிறது, வலப்பக்கம் எங்கே அறுந்து போகிறது என்று இரண்டு ஓரத்தையும் பார்த்து நடுவில் வையுங்கள். உயரத்துக்கும் அப்படியே. கடைசியில் போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கீழே ஒருவர் டிவியைப் பார்த்து "வருது, போச்சு" என்று கத்த, மேலே ஒருவர் திருப்புவது பழைய காலத்து ஆனந்தம். இப்போது வீடியோ அழைப்பு போதும். ரிச்சி தெருவில் முள் ஆடும் சிறிய சிக்னல் மீட்டரும் கிடைக்கும். அது எந்தச் செயற்கைக்கோள் என்று சொல்லாது, ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது என்று மட்டும் பீப் அடிக்கும்.

எதிரே புதிதாக அடுக்குமாடி எழும்பிவிட்டது. அதனால்தான் சிக்னல் போய்விட்டதா?

அடிக்கடி வரும் குற்றச்சாட்டு இது. பெரும்பாலும் அந்தக் கட்டடம் நிரபராதி. டிஷ் பார்க்கும் கோணம் 68 டிகிரி என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் கோணத்தில் ஒன்று மறைக்க வேண்டுமென்றால், எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப்போல் இரண்டரை மடங்கு உயரம் டிஷ்ஷுக்கு மேலே எழும்பியிருக்க வேண்டும். 20 அடி தள்ளி இருக்கும் கட்டடம், உங்கள் டிஷ்ஷைவிட 50 அடி உயரமாக இருந்தால்தான் குறுக்கே வரும். 12 அடி தள்ளி நிற்கும் தென்னையின் மட்டை, டிஷ்ஷுக்கு மேலே 30 அடியில் இருக்க வேண்டும்.

டிஷ்ஷின் தோற்றமும் ஏமாற்றும். இந்தச் சின்ன டிஷ்கள் தம் முகம் காட்டும் திசையைப் பார்ப்பதில்லை. சுமார் 25 டிகிரி மேலே பார்க்கின்றன. முகம் எதிர்வீட்டுச் சன்னலைப் பார்ப்பதுபோல இருக்கும், பார்வையோ அதன் கூரைக்கு மேலே வானத்தில் இருக்கும்.

உண்மையில் மறைப்பவை நம்முடையவையே. மாடிப்படி அறையின் சுவருக்கு மூன்றடி தள்ளி டிஷ்ஷை வைத்தால், அந்தச் சுவர் டிஷ்ஷுக்கு மேலே ஏழரை அடி எழும்பினாலே போதும், கதை முடிந்தது. தண்ணீர்த் தொட்டியும், அதை வைத்த மேடையும் அப்படியே. கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் மாட்டிய டிஷ்ஷுக்கு மேலே அண்மையில் யாராவது தகரக் கூரை நீட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மரம் மறைக்கிறதா என்று காசு செலவில்லாமல் சோதிக்க ஓர் உபாயம் உண்டு. ஆண்டில் இரண்டு முறை, மார்ச் 15 வாக்கில் காலை 11.15 மணிக்கும், செப்டம்பர் 29 வாக்கில் காலை 11 மணிக்கும், சென்னையிலிருந்து பார்க்கச் சூரியன் சரியாக ஜிசாட்-15 நிற்கும் இடத்துக்குப் பின்னால் வரும். அந்த நேரத்தில் மாடிக்குப் போங்கள். டிஷ்ஷின் மேல் எதன் நிழல் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. முழுதும் வெயிலாக இருந்தால் எதிர்வீட்டு வேப்பமரத்தை வெட்டச் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, பெரும்பாலும் எங்கேதான் கோளாறு இருக்கும்?

எல்என்பியில் கேபிள் சேரும் இடத்தில். அந்த ஓர் அடி நீளத்தில். என்னிடம் வரும் பத்தில் ஏழு வீட்டுக்கு அதைச் சரிசெய்தாலே படம் வந்துவிடுகிறது. ஆனால் எல்லாரும் கடைசியில் பார்ப்பதும் அதைத்தான். எல்லாருக்கும் முதலில் டிஷ்ஷைப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

கேபிள் முனையில் திருகி மாட்டிய எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு முன் செட்டாப் பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்தக் கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே போகிறது. நம்மைத் தாக்கும் அளவு இல்லை, ஆனால் நடுக்கம்பி வெளிச்சட்டையைத் தொட்டால் பாக்ஸின் மின்வழங்கி பழுதாகலாம்.

நடுவில் உள்ள செம்புக் கம்பி பளபளப்பாக இருக்க வேண்டும். சென்னையில் இருக்காது. கறுத்திருக்கும், அல்லது பாத்திரத்தில் களிம்பேறியதுபோலப் பச்சை பூத்திருக்கும். நம் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் சன்னல் கம்பிக்கு என்ன ஆகிறது என்று தெரியும் அல்லவா? கனெக்டருக்கு அதைவிட வேகமாக ஆகும். மலிவான கேபிள்களில் நடுக்கம்பி இரும்பின் மேல் செம்புப் பூச்சு. பூச்சு போன இடத்தில் துரு.

தண்ணீர் இன்னும் மோசம். மேல் பக்கம் திறந்த கனெக்டரில் நுழையும் மழைநீர், கேபிளின் வெளிச்சட்டைக்குள் இருக்கும் பின்னலைத் திரியாகப் பிடித்துக்கொண்டு இறங்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. ஒரு வீட்டில் நாலாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடி வரை இறங்கி, செட்டாப் பாக்ஸின் பின்புறம் சொட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

சரிசெய்வது எளிது. பச்சை பூத்த பகுதி முழுதும் போகும்வரை கேபிளை வெட்டுங்கள். அரை அடி போனாலும் போகட்டும். புது எஃப் கனெக்டர் மாட்டுங்கள். கையால் திருகி மாட்டும் வகையைவிட, கருவியால் அழுத்திப் பொருத்தும் வகை பலமடங்கு மேல். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெளிப்பின்னலின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் மேல் கோடு பூஜ்யம் காட்டும். எல்என்பி செத்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடுவீர்கள். நானே ஒரு முறை வாங்கியிருக்கிறேன்.

எல்என்பியில் திருகியபிறகு, தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓடுவேய்ந்ததுபோல் தண்ணீர் வழிந்துவிடும். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு கோடை வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும். கேபிளை எல்என்பியிலிருந்து நேராகச் சுவருக்கு இழுக்காமல் ஒரு தொங்கலாக வளைத்து விடுங்கள். வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும்.

அப்படியே எல்என்பியின் வாயில் உள்ள பிளாஸ்டிக் மூடியையும் பாருங்கள். வெயிலில் வெடித்திருந்தால் தண்ணீர் புகும். குளவி உள்ளே மண்கூடு கட்டும். மூடி வெடித்த எல்என்பியை எம்சீல் வைத்து அடைப்பதைவிட மாற்றிவிடுவதே மேல்.

பூஸ்டர் வாங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?

கடைக்காரருக்குச் சரியாகிவிடும். பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். கிழிந்த பறையை ஓங்கி அடிப்பது போன்றது அது. ஆர்ஜி-6 கேபிளில் 30, 40 மீட்டர் வரை ஒன்றும் தேவையில்லை. அதைவிட மிக நீளம் என்றால் மட்டும், டிஷ்ஷுக்குப் பக்கத்தில், மேலே மாட்ட வேண்டும். டிவிக்குப் பின்னால் மாட்டிப் பயனில்லை.

மழை வந்தாலே படம் போகிறது. இதற்கு வழியே இல்லையா?

இந்த அலைகள் 11 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ளவை; மழைத்துளி அவற்றைக் குடித்துவிடும். கொட்டும் மழையில் சில நிமிடம் போவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் தூறலுக்கே போகிறது என்றால் அது மழையின் குற்றமல்ல. வறண்ட நாளிலேயே உங்கள் குவாலிட்டி விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது, தூறல் தள்ளிவிட்டது. திசையைத் துல்லியமாக்குங்கள், கனெக்டரைப் பாருங்கள். அதற்கு மேலும் வேண்டுமென்றால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ். பரப்பு இரண்டேகால் மடங்கு. அந்த உபரி பல மழைகளைத் தாங்கும். கம்பமும் ஆங்கர் போல்ட்டும் அதற்கேற்பக் கனமாக இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நம் தலைமேல் பெய்யும் மழை மட்டும் கணக்கில்லை. டிஷ்ஷின் பார்வை தென்கிழக்கே சரிவாக ஏறுவதால், மழை மண்டலத்தைத் தாண்டுவதற்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். தி.நகரில் வெயில் அடிக்கும்போது நந்தனம் பக்கம் பெய்யும் மழை படத்தைக் கலைக்கலாம். வடகிழக்குப் பருவமழையின்போது மேகங்கள் கடல் பக்கமிருந்துதான் வரும். டிஷ் பார்ப்பதும் அந்தப் பக்கம். எங்கள் கீழ்வீட்டு அம்மா, தொடர் நடுவே படம் உடைந்ததும் எழுந்து வடாம் எடுக்க மாடிக்கு ஓடுவார். வானிலை அறிவிப்பைவிட அவருக்கு அதில்தான் நம்பிக்கை.

மார்ச் மாதத்தில் நல்ல வெயில் நாளில், தினமும் ஒரே நேரத்தில் படம் போகிறதே?

மேலே சொன்ன சூரியன்தான். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் அது வரும்போது, அதன் ரேடியோ இரைச்சல் டிஷ்ஷுக்குள் கொட்டும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், தினம் சில நிமிடங்கள் இருக்கும். ஒன்றும் செய்யாதீர்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் 5ஜி டவர் வைத்தார்கள். அதனால் கெடுமா?

வானத்திலிருந்து வருவது 11 ஜிகாஹெர்ட்ஸ். 5ஜி பெரும்பாலும் மூன்றரை ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இயங்குகிறது. டிஷ்ஷுக்கு முன்னால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. ஆனால் எல்என்பி அந்த அலையின் அதிர்வெண்ணைக் குறைத்துக் கேபிளில் 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிக்னலாக அனுப்புகிறது. கைபேசியின் 1,800, 2,100 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அதே வரம்புக்குள் வருகின்றன. கேபிளின் வெளிப்பின்னல் சரியாகப் பிடிக்காத கனெக்டர் இருந்தால், பக்கத்து டவரின் அலை உள்ளே கசிந்து சில சானல்களை மட்டும் கெடுக்கும். ஆகவே டவரை எதிர்த்து மனு எழுதுமுன் மறுபடியும் அந்தக் கனெக்டரைப் பாருங்கள்.

எல்லாச் சானலும் வருகிறது, ஒரு தொகுதி மட்டும் வரவில்லை. ஏன்?

சானல்கள் கூட்டம் கூட்டமாக ஒவ்வோர் அலைவரிசையில் வருகின்றன. ஒரு கூட்டம் பலவீனமாக இருந்தால் அது மட்டும் போகும். பெரும்பாலும் திசை ஒரு நூலிழை தவறியிருக்கும், அல்லது எல்என்பியைக் கவ்விக்குள் சுழற்றிய கோணம் சரியில்லை. குவாலிட்டியைப் பார்த்துக்கொண்டே எல்என்பியை இரண்டு பக்கமும் மெதுவாகச் சுழற்றுங்கள். ஃப்ரீ டிஷ்ஷில் இன்னொன்று: அதன் சில சானல்கள் படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-4 என்ற புதிய முறையில் வருபவை, பழைய பாக்ஸில் அவை எப்போதுமே வராது. பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவற்றுக்கு மறுபடி தேடல் போட வேண்டும்.

ஒரே டிஷ்ஷிலிருந்து இரண்டு டிவிக்கு எடுக்கலாமா?

இரண்டு வாய் உள்ள எல்என்பி வாங்கி, இரண்டு கேபிள் இழுத்தால் எடுக்கலாம். கேபிள் டிவிக்குப் பயன்படுத்தும் பிரிப்பானை நடுவில் போட்டால் எடுக்க முடியாது.

புது 50 அங்குல டிவியில் படம் மங்கலாக இருக்கிறதே?

அது ஆன்டெனாக் கோளாறு அல்ல. டிஜிட்டல் சிக்னல் பலவீனமானால் படம் உடையும் அல்லது நிற்கும், மங்காது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைக் கம்பியால் இணைத்திருந்தால் எச்டிஎம்ஐ கம்பிக்கு மாற்றுங்கள். சாதாரண தரத்தில் வரும் சானல் பெரிய திரையில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் நாமே செய்யலாமா?

டிஷ் மாடித் தளத்தில் நின்று எட்டும் இடத்தில் இருந்தால் செய்யலாம். கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். ஈரத்தளத்தில், இடி முழங்கும்போது ஏறக்கூடாது. அம்பத்தூர், ஆவடி போலத் தலைக்கு மேல் மின்கம்பி போகும் தெருக்களில் நீளக் கம்பத்தைத் தனியாளாகத் தூக்கி நிமிர்த்தாதீர்கள். மீன்முள் ஆன்டெனாக் காலத்தில் உயிர்ப்பலி வாங்கியது அந்த வேலைதான்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் மாடியில் ஒரு டிஷ்கூட நேராக இல்லை. இரண்டு, கம்பத்தோடு பக்கத்து மனையில் கிடந்தன. மறுநாள் மின்சாரமே இல்லாததால் யாரும் டிவியைப் பற்றிக் கவலைப்படவில்லை. மின்சாரம் வந்தபிறகுதான் பஞ்சாயத்து தொடங்கியது.

அதிலிருந்து ஒரு வேலை செய்கிறேன். டிஷ் நன்றாக வேலை செய்யும் நாளில், கம்பத்திலிருந்து கவ்விக்குக் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு. உயர அளவுகோலில் ஒரு கோடு. எல்என்பிக்கும் அதன் கவ்விக்கும் இடையே ஒரு கோடு. புயல் வருகிறது என்றால் பாக்ஸை அணைத்து, கேபிளைக் கழற்றி அதன் முனையில் ஒரு பாலித்தீன் பையைக் கட்டி, டிஷ்ஷைக் கம்பத்திலிருந்து தூக்கிப் படிக்கட்டறையில் சாய்த்து வைத்துவிடலாம். புயல் போனபிறகு கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டினால் கால் மணி நேர வேலை. எங்கள் மாடியில் பதினொன்றில் ஒன்பதுக்கு இப்போது சிவப்புக் கோடு இருக்கிறது. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அடுத்த ஐப்பசியில் கதவைத் தட்டுவார்கள்.